உயிலுக்கு முன் பத்திரம்: முதுமைக்கான காகித வேலைகள்

உயில் எழுத உட்காருகிறவர்கள் வழக்கமாக ‘யாருக்கு எதைக் கொடுப்பது’ என்பதில்தான் தொடங்குவார்கள். சிக்கல் பெரும்பாலும் அதற்கு முந்தைய கேள்வியில் இருக்கிறது: கொடுக்க நினைப்பது காகிதத்தில் உங்கள் பெயரில் இருக்கிறதா? பத்திரம் அப்பா பெயரில், பட்டா தாத்தா பெயரில், வீட்டு வரி ரசீது மட்டும் உங்கள் பெயரில் என்று கிடக்கும் வீட்டை எவ்வளவு நல்ல உயிலும் காப்பாற்றாது. உங்களுக்கு இல்லாத உரிமையை உயில் வழியாகக் கொடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் ஒரு வீடு, கொஞ்சம் நிலம், வங்கியில் வைப்புத்தொகை, ஓய்வூதியம் என்று வைத்திருக்கும் சாதாரணக் குடும்பத்தை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டமே அடிப்படை. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மாறும் இடங்கள் ஆங்காங்கே சொல்லப்பட்டுள்ளன.

காகிதங்களைச் சீர் செய்தல்

சொத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை போடுங்கள். உறைக்குள் இருக்க வேண்டியவை: அசல் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்), கடைசி வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பல சார்பதிவகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கிடைக்கும். மூலப்பத்திரம் பதிவான ஆண்டிலிருந்து இன்றுவரை தேடுங்கள். எப்போதோ அடைத்துவிட்ட அடமானம் ரத்துப் பத்திரம் இல்லாமல் இன்னும் உயிரோடு நிற்பது அடிக்கடி இங்கேதான் கண்ணில் படும்.

பட்டாவில் புல எண்ணையும் உட்பிரிவையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 112/3 என்றிருக்கும்; பின்னால் உட்பிரிவு ஆகி பட்டாவில் 112/3ஏ2 என்று மாறியிருக்கும். இரண்டையும் உயிலில் எழுதாவிட்டால் பெயர் மாற்றத்துக்குப் போகும் பிள்ளை தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டிவரும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் பங்கைத் தனிப் பட்டாவாகப் பிரிக்க இப்போதே மனுக் கொடுங்கள். அளந்து காட்ட எல்லை தெரிந்தவர் உயிரோடிருக்கும்போது சர்வேயர் வருவது நல்லது.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் சுணக்கம் பெரும்பாலும் அதில்தான். பத்திரத்தில் ‘எஸ். ராமசாமி’, ஆதாரில் ‘ராமசாமி சுப்பையா’, வங்கியில் ‘ராமசாமி எஸ்’ என்று மூன்று ஆள் இருப்பார்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒன்றாக்குங்கள். பத்திரத்தில் மாற்ற முடியாதது இருந்தால் உயிலில் ‘பத்திரத்தில் இன்ன பெயரில் கண்டவரும் நானே’ என்று ஒரு வரி போதும்.

அசல் பத்திரம் தொலைந்திருந்தால் காவல்நிலையத்தில் புகார் கொடுத்து, நாளிதழில் விளம்பரம் செய்து, ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்ற சான்றை வாங்கி, சார்பதிவகத்திலிருந்து சான்றிட்ட நகலும் எடுத்து உறையில் வையுங்கள். இதை நீங்கள் இருக்கும்போது செய்வதும் வாரிசுகள் செய்வதும் ஒன்றல்ல. எங்கே, எப்போது தொலைந்தது என்று புகாரில் எழுத அவர்களுக்குத் தெரியாது.

அப்பா உயில் எழுதாமல் இறந்து, வீடு நான்கு பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கிடக்கிறதா? அப்படியானால் உங்களுடையது வீடு அல்ல, வீட்டில் ஒரு பங்கு. உடன்பிறந்தவர்கள் விட்டுக் கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம், பிரித்துக்கொள்வதானால் பாகப்பிரிவினைப் பத்திரம். ‘அக்காவுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்று, அவளுக்குப் பங்கு கிடையாது’ என்பது சட்டமல்ல. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்பது 2005 திருத்தம். திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுசெய்தோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்த பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது. சகோதரியின் கையெழுத்து இல்லாமல் ஓட்டிவிட்ட வீடு என்றால் முதல் வேலை அவரோடு உட்கார்ந்து பேசுவது.

எழுதாமல் போனால் யாருக்குப் போகும்

உயில் தேவையா என்று தீர்மானிக்க இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும்: மனைவி, மகன்கள், மகள்கள், தாய். முன்பே இறந்துபோன பிள்ளை இருந்தால் அந்தப் பங்கு அவருடைய குடும்பத்துக்கு. தகப்பனார் இந்த வகுப்பில் இல்லை, தாய் உண்டு. பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஒருவர் இறக்கிறார், தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. இரண்டு ஆண்டு கழித்துத் தாயும் உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய கால் பங்கு பேரப்பிள்ளைகளிடம் அப்படியே திரும்பி வராது. தாயின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியும். அதாவது இறந்தவருடைய அண்ணனும் தங்கையும் இப்போது அந்த வீட்டில் பங்குதாரர்கள். வீட்டை விற்கப் போகும்போது வாங்குகிறவரின் வக்கீல் இவர்கள் கையெழுத்தையும் கேட்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே வரும் வினை இது.

பெண்களின் சொத்துக்கு விதி வேறு. திருமணமான இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும். இருவரும் இல்லையென்றால் அவர் சம்பாதித்து வாங்கிய வீடுகூடக் கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பனுடைய முறை அதற்குப் பிறகுதான். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாவிட்டால், தகப்பனாரின் வாரிசுகளுக்குத் திரும்பும். குழந்தை இல்லாத பெண், கணவரை இழந்த பெண், தன் சம்பாத்தியத்தில் வீடு வாங்கிய பெண் ஆகியோர் உயிலைத் தள்ளிப்போடவே கூடாது.

கிறிஸ்தவர் என்றால், பிள்ளைகள் இருக்கும்போது துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்குப் பங்குகள் ஷரீஅத் முறையில் முன்பே வகுக்கப்பட்டவை. அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயிலில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

உயிலா, செட்டில்மென்ட்டா

பத்திர எழுத்தரிடம் போனால் பலமுறை ‘உயில் எதற்கு, தான செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள், பிரச்சினையே வராது’ என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. செட்டில்மென்ட் எழுதிப் பதிந்த அன்றே சொத்து பிள்ளையுடையதாகிவிடும், பட்டா மாறும், உங்களுக்குப் பின் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன் இந்த உச்சவரம்பு 25,000, 4,000 என்று இருந்தது.

மறுபாதி இதுதான்: எழுதிக் கொடுத்த வீட்டில் மறுநாளிலிருந்து நீங்கள் குடியிருப்பது பிள்ளையின் தயவில். அவர் அடமானம் வைக்கலாம், விற்கலாம், கடன்காரன் ஜப்தி செய்யலாம். பிள்ளை உங்களுக்கு முன் இறந்தால் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பங்குதாரர்கள். மனம் மாறி நீங்கள் தனியாகப் போய் ஒரு ரத்துப் பத்திரம் பதிய முடியாது. எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான், நீதிமன்றம் தான் வழி. உயிலை இறக்கும் நாள்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாளும் வேண்டாம். குடியிருக்கும் ஒரே வீட்டைப் பொறுத்தவரை எங்கள் கருத்து ஒன்றே: உயில். இரண்டாவது மனை, தரிசு நிலம் போன்றவற்றைச் செட்டில்மென்ட் செய்வதில் தவறில்லை.

வேறு வழியில்லாமல் வீட்டையே செட்டில்மென்ட் செய்கிறீர்கள் என்றால் பத்திரத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும். ஒன்று, உங்களுக்கும் உங்கள் துணைக்கும் ஆயுள்கால அனுபவ உரிமை. இரண்டு, அந்தக் காலம் முடியும்வரை வில்லங்கப்படுத்தக் கூடாது என்ற தடை. மூன்று, உணவு, இருப்பிடம், மருத்துவம் உள்ளிட்ட பராமரிப்பைப் பெறுகிறவர் செய்ய வேண்டும், தவறினால் செட்டில்மென்ட் ரத்தாகும் என்ற நிபந்தனை. மூன்றாவதற்கு ஒரு காரணம் உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிய சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவர். நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றும் சொன்னது. எந்த அமர்வு எப்படிப் படிக்கும் என்று ஜோசியம் பார்ப்பதைவிட நிபந்தனையைப் பச்சையாக எழுதிவிடுவது நல்லது. ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற வழக்கமான வரியை மட்டும் நம்பாதீர்கள்.

உயிலை எழுதுதல்

சாதாரண வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருப்பது முக்கியம். தமிழ் மட்டும் படிப்பவர் ஆங்கில உயிலில் கையெழுத்திட்டால், ‘என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா?’ என்பதே எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும்.

தொடக்கத்தில் தேதி, ஊர், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். அடுத்து குடும்ப விவரம். சொத்து கொடுக்காதவர்களையும் சேர்த்து எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இதில் வர வேண்டும். பெயரே வராத மகள், ‘அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது, என்னையே மறந்துவிட்டார்’ என்று வழக்குப் போட இடமிருக்கிறது. பிறகு இப்படி ஒரு வரி: ‘இதற்கு முன் நான் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன், இதுவே என் கடைசி உயில்.’

சொத்துப் பகிர்வை எழுதும்போது ‘என் வீட்டை மூத்த மகனுக்கு’ என்று முடிக்காதீர்கள். சொத்து விவரத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், பட்டா எண், பத்திர எண்ணும் ஆண்டும், கதவு எண், நான்கெல்லை, பரப்பு எல்லாம் வேண்டும். பழைய பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை அப்படியே எடுத்தெழுதி, இன்று பக்கத்து மனைக்காரர் மாறியிருந்தால் அதையும் சேருங்கள்.

மனைவிக்கு எழுதும் இடத்தில் சொல் தடுமாறினால் அடுத்த தலைமுறை வழக்கில் முடியும். ‘என் மனைவி சகல உரிமையோடும் அனுபவித்து வர வேண்டியது, அவருக்குப் பின் என் மகனுக்கு’ என்று எழுதினால் அது முழு உரிமையா, ஆயுள் உரிமையா? இரண்டுக்கும் வாதாட வக்கீல் கிடைப்பார். முழு உரிமை கொடுக்க நினைத்தால் ‘விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய முழு உரிமை’ என்று எழுதி அங்கேயே நிறுத்துங்கள். ‘அவருக்குப் பின்’ என்று தொடராதீர்கள். ஆயுள் உரிமை மட்டும் என்றால் ‘குடியிருக்கவும் வாடகை வாங்கவும் மட்டுமே, விற்க உரிமை இல்லை’ என்று எழுதுங்கள். மருத்துவச் செலவுக்கு மனைவிக்கு விற்கும் உரிமை தேவைப்படலாம் என்பதையும் யோசியுங்கள். வயதான பெண்ணைச் சொந்த வீட்டிலேயே கைகட்டி உட்கார வைக்கும் ஆயுள் உரிமைகள் நிறைய உண்டு.

பெறுகிறவர் உங்களுக்கு முன் இறந்துவிட்டால் யாருக்கு என்று ஒவ்வொரு பகிர்வுக்கும் ஒரு மாற்று எழுதுங்கள். கடைசியாக ‘இதில் குறிப்பிடாத, இனி எனக்குச் சேரும் மற்ற எல்லாச் சொத்துகளும்’ யாருக்கு என்று ஒரு பத்தி. இது இல்லாமல் விட்டால், உயில் எழுதிய பின் வாங்கிய மனை உயிலே இல்லாததுபோலப் பிரியும். ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ கொடுக்காமலோ விட்டால் காரணத்தை ஒரே வாக்கியத்தில், திட்டாமல் எழுதுங்கள்: ‘அவருடைய படிப்புக்கும் தொழிலுக்கும் முன்பே பணம் கொடுத்துவிட்டபடியால்.’ உயிலில் உள்ளபடி நடத்திவைக்கும் நிறைவேற்றுநராக ஒருவர் பெயரையும், அவரால் முடியாவிட்டால் இன்னொருவர் பெயரையும் போடுங்கள். உங்களைவிட வயதில் சிறியவராகவும், பாரபட்சம் இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறவராகவும் இருந்தால் சரி.

கையெழுத்துப் போடும் நாள்

உயில் செல்லுமா செல்லாதா என்பது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தைப் பொறுத்தது. சட்டம் கேட்பது: நீங்கள் கையெழுத்திட வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது உங்கள் கையெழுத்துதான் என்று உங்கள் வாயால் கேட்டிருக்க வேண்டும்; சாட்சிகள் இருவரும் உங்கள் கண் முன் கையெழுத்திட வேண்டும்.

நடைமுறையில் மூன்று பேரும் ஒரே மேசையில், ஒரே பேனாவில் முடித்துவிடுங்கள். நீங்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசிப் பக்கத்தில் முழுமையாகவும் கையெழுத்திடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம். நிறைய இருந்தால் அந்தப் பக்கத்தைப் புதிதாக எடுத்துவிடுங்கள். கை நடுங்கினால் கைநாட்டு வைக்கலாம். அது யாருடையது என்று பக்கத்தில் எழுத வேண்டும். பார்வை மங்கியவர் என்றால் ‘எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்’ என்ற வரி அவசியம். பிறகு சாட்சிகள் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கையெழுத்து. உயிலில் என்ன இருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தால் போதும். ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று தயங்குகிறவர்கள் மேல்பக்கத்தைத் தாளால் மூடிவைத்துக்கொள்ளலாம்.

சாட்சி யார் என்பதில் கவனம். எண்பது வயது நண்பரை வைத்தால் உங்களுக்கு முன் அவர் போய்விடலாம். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். உயிலில் ஆதாயம் பெறுகிறவரும் அவருடைய துணையும் சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்தச் சாட்சிக்கு எழுதியது செல்லாது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் சந்தேகத்துக்கு அதுவே முதல் புள்ளி. கிறிஸ்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: உயில் எழுதியபின் திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் தானாகவே ரத்தாகிவிடும். உங்களுக்கு வழக்கமாக மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஒரு சாட்சியாகக் கிடைத்தால் மிகச் சிறப்பு. எழுபதைத் தாண்டியவர்கள் அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்றையும் சேர்த்து வையுங்கள்.

கெட்டுப்போகும் வகைகள் அநேகமாக இவைதான். ஒரு சாட்சி மட்டும் வந்தார், மற்றவர் மறுநாள் தன் வீட்டிலேயே கையெழுத்திட்டார். நோட்டரி முத்திரை இருக்கிறதே என்று சாட்சியை விட்டுவிட்டார்கள். நோட்டரி இரண்டு சாட்சிக்கு ஈடல்ல. அதிகப் பங்கு பெறும் மகனே பத்திர எழுத்தரைக் கூட்டிவந்து, வரி வரியாகச் சொல்லி எழுதவைத்து, மருத்துவமனைக் கட்டிலில் கையெழுத்து வாங்கினார். சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை இருந்தால் அதை நீக்கும் பாரம் உயிலைக் காட்டுகிறவருடையது என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. செல்போனில் எடுத்த வீடியோ துணைக்கு நல்லது, ஆனால் காகிதத்தில் உள்ள குறையை அது அடைக்காது.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் செய்யுங்கள் என்றே சொல்வோம். எப்போது வேண்டுமானாலும் பதியலாம், காலக்கெடு கிடையாது. நடக்க முடியாதவர் என்றால் மனுக் கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார். ‘பதிந்தால் பிள்ளைகள் நகல் எடுத்துப் பார்த்துவிடுவார்களே’ என்ற பயம் வேண்டாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் பதிவாகின்றன. நீங்கள் உயிரோடிருக்கும்வரை உங்களுக்கோ உங்கள் அதிகாரம் பெற்றவருக்கோ தவிர யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்திலிருந்து வருவதால் உயில் அதில் தெரியாது. இதன் மறுபக்கம்: வில்லங்கத்தைப் பார்த்து ‘உயில் எதுவும் இல்லை’ என்று வாரிசுகள் முடிவுகட்டிவிடலாம். ஆகவே எங்கே பதிந்தது என்று நிறைவேற்றுநருக்காவது தெரிய வேண்டும். பதியாமல், ஒட்டி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவைக்கும் வழியும் உண்டு.

பதிந்ததாலேயே உயில் வழக்குக்கு அப்பாற்பட்டது ஆகிவிடாது, சாட்சி தேவைதான். பதிந்த உயிலை, பின்னால் வெள்ளைத்தாளில் சரியாக எழுதிய பதியாத உயில் வென்றுவிடும். கடைசியாக எழுதியதே செல்லும். சென்னை நகரச் சொத்துகளுக்கு நீதிமன்றத்தில் ப்ரோபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்குவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. 2025 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம், அதைக் கட்டாயமாக்கிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை எடுத்துவிட்டது. தகராறு உள்ள உயிலுக்கு இன்றும் ப்ரோபேட் நல்ல காப்பு.

அசலை உங்கள் ஒற்றைப் பெயரில் உள்ள லாக்கரில் மட்டும் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்க இறப்புச் சான்றும் உரிமைகோரலும் வேண்டும், யார் உரிமையாளர் என்று சொல்லும் தாளோ உள்ளே பூட்டிக் கிடக்கும்.

நாமினி உரிமையாளர் அல்ல

வங்கிப் பணமும் பங்குகளும் நாமினி கையில் கொடுக்கப்படும், ஆனால் அவர் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. பங்குகளுக்கும் இதுவே விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது என்று சட்டம் சொல்கிறது. குழப்பமில்லாத வழி, நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொல்லும்படி வைப்பது. இரண்டு பிள்ளைகளுக்குச் சமம் என்று உயிலில் எழுதிவிட்டு வைப்புத்தொகை முழுவதற்கும் மூத்தவனை நாமினியாக விட்டால், இளையவள் அண்ணனிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை வரும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர்வரை சதவீதம் பிரித்து நாமினி போடலாம். லாக்கருக்கு மட்டும் ஒருவர் பின் ஒருவராகத்தான்.

வருங்கால வைப்பு நிதியில் திருமணத்துக்கு முன் போட்ட நாமினி, திருமணமானதும் செல்லாது. அப்போது அம்மா பெயரைப் போட்டு அப்படியே ஓய்வு பெற்றவர்கள் இன்றே பாருங்கள்.

உயிரோடிருந்தும் முடியாமல் போனால்

உயில் இறந்த பிறகுதான் பேசும். பக்கவாதமோ மறதி நோயோ வந்து பத்து ஆண்டு படுத்திருந்தால் அது உதவாது. ‘பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மகன் பார்த்துக்கொள்வான்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: நம் சட்டத்தில் பவர் பத்திரம் (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்), கொடுத்தவர் இறந்தாலும் முடிந்துவிடும், புத்தி சுவாதீனம் இழந்தாலும் முடிந்துவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். பவரை வைத்துப் பத்திரம் பதியப் போனால் கொடுத்தவர் உயிரோடிருப்பதற்கு 30 நாளுக்குள் வாங்கிய சான்றும் கேட்பார்கள். அந்த நிலைக்குப் பிறகு சொத்தைக் கையாள நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் வாங்குவதே வழி, காலம் பிடிக்கும்.

ஆகவே செலவுக்கான பணத்தை முன்கூட்டியே எட்டும்படி வைக்க வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கை ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். வைப்புத்தொகையில் ஒரு பகுதிக்கும் அப்படியே. எல்லாப் பணத்தையும் ஒரே பிள்ளையோடு கூட்டாக்க வேண்டாம். ஆறு மாத மருத்துவச் செலவுக்கு ஆகும் அளவு போதும். கூட்டுக் கணக்கு மற்றவருக்கு உடனேயே கையெழுத்து அதிகாரம் தருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

சிகிச்சையைப் பற்றியும் எழுதிவைக்கலாம். மீள வழியில்லாத நிலையில் வெண்டிலேட்டர் போன்ற உயிர்நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் முன் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததால் எழுதுவதே கடினமாக இருந்தது. 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். உங்களால் பேச முடியாதபோது முடிவெடுக்க ஒருவருக்கு மேற்பட்டவர் பெயரைப் போடலாம். எந்த நிலையில் எதை நிறுத்த வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். ‘கஷ்டப்படுத்த வேண்டாம்’ என்ற வரியை வைத்து மருத்துவர் குழு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நகல் குடும்ப டாக்டரிடம், ஒன்று பெயர் போட்டவர்களிடம். பிள்ளைகளிடம் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள். தாள் இருந்தும், மருத்துவமனையில் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் ஒரு பிள்ளை ‘எதையும் நிறுத்தாதீர்கள்’ என்று நின்றால் டாக்டர் தயங்குவார்.

வீட்டாருக்கு ஒரு தாள்

இது சட்ட ஆவணம் அல்ல, பீரோவில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கும் ஒரே தாள். உயில் எங்கே, நிறைவேற்றுநர் யார், எந்தெந்த வங்கியில் கணக்கு, லாக்கர் சாவி, காப்பீட்டு எண்கள், ஓய்வூதிய ஆணை எண், கொடுக்கல் வாங்கல், நகைக்கடன் சீட்டு. கடவுச்சொற்களை இதில் எழுதாதீர்கள். செல்போன் திறக்கும் எண்ணை மட்டும் துணையிடம் தனியாகச் சொல்லுங்கள். இறந்தவர் சிம்கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் ஓடிபி வரும் வழியே அடைபடும் என்றும் எழுதிவையுங்கள்.

தாளின் பின்பக்கத்தில் முதல் மாத வேலைகள். 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். பதியும்போதே பெயர் எழுத்துகள் ஆதாரோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். சான்று எட்டுப் பத்துப் பிரதி எடுக்கலாம். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக மனு. அதில் தாயின் பெயரை விட்டுவிடாதீர்கள், மேலே சொன்ன கால் பங்கு ஞாபகமிருக்கட்டும். வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். நாமினி இல்லாத பெரிய தொகைக்கு வங்கி கேட்கக்கூடிய வாரிசுரிமைச் சான்று நீதிமன்றம் தருவது, இரண்டும் வேறு. ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து இறந்த பின் ஏடிஎம்மில் பணம் எடுக்கக் கூடாது. அதிகமாக வரவான மாதங்களைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தத் தாளை ஆண்டுக்கு ஒரு முறை, ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ்ச் சான்று கொடுக்கும் சமயத்தில் புதுப்பித்துத் தேதி போட்டுவிட்டுப் பழைய தாளைக் கிழித்துவிடலாம். பழைய உயிலை மட்டும் கிழிக்காதீர்கள். புது உயில் ஏதோ ஒரு குறையால் நீதிமன்றத்தில் விழுந்தால் அதில் உள்ள ரத்து வாசகமும் சேர்ந்து விழும், பழையது எழுந்து நிற்கும். அதை நீங்களே கிழித்துப் போட்டிருந்தால் நிற்க ஒன்றும் இருக்காது.